கண்ணுக்குத் தமிழ், காதுக்கு வெறும் எழுத்துக் குவியல்

2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் நூற்றுக்கு 5 இடங்களுக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியாக வேண்டும். உதகை அரசு கலைக் கல்லூரியும் இதற்கு உட்பட்டதுதான். சேர்க்கை முடிந்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் நோட்ஸைப் பார்வையற்ற மாணவரால் படிக்க முடியவில்லை என்றால், அவருக்கு இடம் கொடுத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? கருவி இல்லாததுதான் குறை என்று பலர் நினைக்கிறார்கள். கருவி இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் மென்பொருளான என்விடிஏவை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்றவர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும் வளர்த்தெடுத்தார்கள். 2006-இல் தொடங்கிய அது இன்றும் இலவசம், தமிழும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் இதே வேலையைச் செய்ய டாக்பேக் இருக்கிறது. குறை, நாம் அனுப்பும் கோப்பில் இருக்கிறது.

புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கினால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். அதில் வாசிக்க ஒரு சொல்லும் இல்லை. தமிழில் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் நாம் தட்டச்சு செய்த பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியவை. பாமினியில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் பொய் சொல்லாது. உள்ளே இருப்பதையே சொல்லும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்கும் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அடித்த நோட்ஸும் வினாத்தாளும் தாமாக மாறிவிடுவதில்லை. அவற்றை மாற்ற எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வாசித்துக் காட்ட ஆள் வைக்கலாமே, அரசு அதற்கு உதவித்தொகையும் தருகிறதே என்பார்கள். அந்த உதவி வேண்டியதுதான். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நீலகிரியில் படிப்பு என்பது பஸ் நேரத்தோடு கட்டுண்டது. கொலக்கம்பைப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து குன்னூர் வந்து பஸ் மாறும் மாணவருக்கு, வாசிப்பவர் எந்த ஊரில் இருப்பார், எந்த நேரத்துக்கு வருவார்? மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால், தேர்வுக்கு முந்தைய நாள் அவர் வராமலே போகலாம். மற்ற பிள்ளைகள் ராத்திரி 11 மணிக்குத் தாமே புரட்டிப் பார்க்கும் பக்கத்தை இவர் மட்டும் இன்னொருவரின் வசதிக்குக் காத்திருந்து கேட்பது சமமான படிப்பு ஆகாது. வகுப்புக்கு ஒருவர் இருவருக்காக இத்தனை வேலையா என்பது அடுத்த கேள்வி. யூனிகோடில் அடித்த நோட்ஸ் சில நூறு கிலோபைட்டில் அடங்கும். அதே பக்கங்களின் ஸ்கேன் பல மெகாபைட் ஆகும். சிக்னல் ஒரு கோடு காட்டும் எஸ்டேட்டில், பார்வையுள்ள மாணவருக்கும் முதலில் இறங்குவது எழுத்துக் கோப்புதான். வேண்டிய சொல்லைத் தேடி எடுக்கவும் அதில்தான் முடியும்.

காப்புரிமையைக் காட்டித் தயங்குவோரும் உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட நம் காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. இதற்கென்றே உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் வசதியை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவைத்த விதி செல்லாது என்றது. கட்டாயத் தரங்களை 3 மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. ஆக, இது ஆசிரியரின் நல்ல மனதைப் பொறுத்த விஷயம் இல்லை.

சுமை முழுவதையும் ஆசிரியர் தலையில் ஏற்றுவதும் நியாயமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உதகைக் கல்லூரி கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பாடத்திட்டம், வினாத்தாள் போன்ற பொதுக் கோப்புகளைப் பல்கலைக்கழகமே ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால், மலையிலும் சமவெளியிலும் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே திருத்த வேண்டியதில்லை. ஆசிரியருக்கு மிஞ்சுவது சிறு பழக்கங்கள்: தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல் தலைப்பு என்றே குறிப்பது (60 பக்க நோட்ஸில் மாணவர் அதைப் பிடித்துத்தான் பாடம்விட்டுப் பாடம் தாவுவார்), அட்டவணையைப் படமாக ஒட்டாமல் அட்டவணையாகவே போடுவது. ஒன்றை மட்டும் எந்த மென்பொருளும் அவருக்காகச் செய்து தராது. குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை ஏறி இறங்கியதைக் காட்டும் ஒரு வரைபடத்தை ஆசிரியர் நோட்ஸில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடு எங்கே வளைகிறது என்பதை இயந்திரம் ஒருநாள் சொல்லிவிடலாம். அந்த வளைவை எதற்காகக் காட்டினார், மாணவர் எந்த ஆண்டின் சரிவைக் கவனிக்க வேண்டும் என்பது பாடம் நடத்துகிறவருக்குத்தான் தெரியும். படத்தின் கீழே அதை இரண்டு வரியில் அவர்தான் எழுத வேண்டும்.