தலைமை வேடமும் கூத்துப் பயிற்சியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலைக் காட்டுதற்கு முன்னர் அவள் பெற்ற பயிற்சியையே விரித்துரைக்கின்றது. ஐந்தாம் வயதில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் அவள் அரங்கேறினாள் என்பது இளங்கோவடிகள் தரும் செய்தி. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவருக்குரிய தகுதிகளும் அங்கு வகுத்துச் சொல்லப்படுகின்றன. அக்காதையை அடிப்படையாகக் கொண்டே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் யாழ்நூலை ஆக்கி 1947ஆம் ஆண்டில் அரங்கேற்றினார். அரங்கிற் காணும் ஆட்டத்தினும் அதற்கு முற்பட்ட பயிற்சியே பெரிது என்னும் கொள்கை ஏட்டளவில் நின்றதன்று. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வழங்கிவரும் கூத்து மரபு அதற்குக் கண்கண்ட சான்றாகும்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். இதிகாசக் கதைகளையும் போரையும் வீரத்தையும் பெரிதும் தழுவுவது வடமோடி. காதலும் கற்பனைக் கதைகளும் மிகுதியாக வருவன தென்மோடி நாடகங்கள். இரண்டுக்கும் ஆட்டமும் பாட்டும் உடையும் வேறு. ஆயினும், இரண்டிலும் பழக்குபவர் அண்ணாவியார் ஒருவரே. இளங்கோவடிகள் அறுவருக்குப் பகிர்ந்தளித்த பணியிற் பெரும்பகுதியை அவர் ஒருவரே தாங்குகின்றார். மத்தளம் வாசிப்பவரும், தாளக்கட்டுச் சொல்பவரும், பாட்டுக்கு மெட்டமைத்துக் காட்டுபவரும், கூத்தனின் காலைத் திருத்துபவரும் அவரே.

அரச வேடம் புனையும் ஒருவன் அவ்வேடத்தை அடையும் படிகள் மரபில் ஒழுங்காக அமைந்துள்ளன. முதலில் ஊர்ப் பெரியோர் கூடி ஆடவேண்டிய நாடகத்தைத் தெரிவர். உடல்வாகு, குரல், கால்வீச்சு ஆகியவற்றை நோக்கி இன்னாருக்கு இன்ன வேடம் என்பது முடிவாகும். அவனவனுக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுத்தல் சட்டங்கொடுத்தல் எனப்படும். அதன்பின் ஆட்டம் பழக்கப்படும். தாளக்கட்டை வாயாற் சொல்லி, அதற்கேற்ப அடியெடுத்து வைத்து, எட்டு, நாலடி, வீசாணம், குத்துமிதி முதலிய ஆட்டங்களைப் பயின்று, காலிற் சதங்கை அணியும் தகுதியை அவன் பெறுவான். சதங்கை அணிதல் தனியே ஒரு விழாவாகவே நிகழும். கிழமைதோறும் ஊரவர் முன்னிலையில் ஆடிப் பார்ப்பது கிழமைக் கூத்து. நாடகம் முழுவதையும் தொடக்கம் முதல் இறுதிவரை வேடமின்றி ஆடிச் சரிபார்த்தல் அடுக்குப் பார்த்தல். இவையனைத்தும் முடிந்த பின்னரே களரியில் அரங்கேற்றம். அது பொழுதுபட்ட பின் தொடங்கி விடியும்வரை நிகழ்வது.

இப்படிகளுள் தலைமை வேடத்தானுக்கு மிக அருமையானது மூச்சைக் காத்தலாகும். கூத்தன் பாடவும் வேண்டும், ஆடவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே ஓயாது செய்தல் எவர்க்கும் இயலாது. இதற்கு மரபு கண்ட வழி பிற்பாட்டு. வடமோடியிற் கூத்தன் பாட்டைப் பாடி நிறுத்த, மத்தளத்தின் அருகே நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதனை முழுமையாக ஏற்றுப் பாடுவர். அவர் பாடும்போது கூத்தன் ஆடுவான். ஆட்டம் தீர்மானத்தில் முடிய, அடுத்த பாட்டை அவன் எடுப்பான். எனவே, எங்கே பாடுவது என்பதோடு, எங்கே தன் பாட்டைப் பிறர் கையில் ஒப்படைப்பது என்பதையும் தலைமை வேடத்தான் பயிலல் வேண்டும். இதனை அறியாதவன் எத்துணைக் குரல்வளம் படைத்தவனாயினும் நள்ளிரவுக்கு முன்னரே களைத்துவிடுவான்.

அடுத்தது உடை. வடமோடி அரசன் அணியும் கரப்புடுப்பு, இடுப்பிலிருந்து குடைபோல் விரிந்து நிற்பது. தலையிற் கிரீடமும் தோளிலும் மார்பிலும் மரத்தாலான அணிகளும் உண்டு. சாரமுடுத்திக்கொண்டு நன்றாகச் சுழன்றாடிய மாணவன், இவ்வுடையை அணிந்தவுடன் தன் காலையே காணமாட்டாதவனாய்த் தடுமாறுவதுண்டு. காலைக் கண்ணாற் பாராது, சதங்கையொலியாலும் மத்தளத்தாலும் உணர்ந்து ஆடும்வரை பயிலுதலே இதற்கு மருந்து.

கிழமைக் கூத்தின் பயன் இவற்றினும் ஆழமானது. சட்டத்தில் இருப்பது அவனவன் பங்கு மட்டுமே. பிறர் பங்கைக் கூத்தன் கிழமைதோறும் கேட்டுக் கேட்டே அறிகின்றான். முன்பு அதே வேடம் புனைந்த முதியோர் களரியோரம் அமர்ந்து, பிழைகண்ட இடத்திற் கூசாது திருத்துவர். சிறுவர் பார்த்திருந்தே பாட்டை மனனம் செய்வர். இங்ஙனம் அரச வேடம் ஒருவன் உடலில் வளரும்போதே அதற்குரிய அடுத்த தலைமுறையும், அதனைச் சீர்தூக்கவல்ல அவையும் உடன் வளர்கின்றன.

இம்மரபு ஊர்க் களரியிலிருந்து கல்விக்கூடத்து மேடைக்கு ஏறிய வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் சிங்கள நாடகம மரபைத் தழுவி மனமே நாடகத்தை 1956ஆம் ஆண்டில் மேடையேற்றினார். அந்நாடகம மரபுக்கே தமிழ்க் கூத்தின் தொடர்பு உண்டு. அதே பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு புதுக்கினார். கர்ணன் போர் 1962இலும், நொண்டி நாடகம் 1963இலும், இராவணேசன் 1964இலும், வாலிவதை அதன் பின்னரும் மேடையேறின. இராவணேசனை எழுதியவரும் அதில் இராவணனாக ஆடியவரும் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. அப்பொழுது அவர் மாணவர்.

இராவணேசன் தலைமை வேடப் பயிற்சிக்குப் புதிய கடமைகளைச் சேர்த்தது. விடியும்வரை ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கவேண்டியதாயிற்று. நாற்புறமும் அவையைக்கொண்ட வட்டக்களரியில் ஆடிய கால், ஒருபுறம் மட்டும் அவையுள்ள படச்சட்ட மேடைக்குப் பழகவேண்டியதாயிற்று. மரபில் அரசன் என்றால் வரவும் வீறும் வீரமுமே முதன்மை. இராவணனோ வீரமும் ஆசையும் இழப்பின் துயரும் ஒருங்கே கொண்ட பாத்திரம். பழைய அடிகளே அவன் மனநிலைக்கேற்ப விரைந்தும் தளர்ந்தும் வரவேண்டியனவாயின. ஆயினும், அடிகளை முறைப்படி பயின்றிருந்தமையாலேயே அவற்றைப் புதுப்பொருளுக்கு வளைத்தல் இயன்றது என்பது மறக்கற்பாலதன்று.

மேடைக்கு வந்த கூத்து ஊரை இழந்துவிடலாகாது என்ற கருத்தும் பின்னர் வலுப்பெற்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், களரியையும் ஊர்மக்களையும் விட்டுப் பிரியாத பயிற்சியையே முதன்மையாகக் கொண்டது. இவ்விரு போக்குகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், பயிற்சியின் இன்றியமையாமையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இன்று பாடசாலைகளில் மாணவரோடு மாணவியரும் கூத்துப் பயில்கின்றனர். பெண் வேடங்களையும் ஆடவரே புனைந்த பழைய மரபை நோக்க, இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. ஆயின், பாடசாலைக்குக் கிடைப்பவை சில கிழமைகளும் மேடையிற் சில நிமிடங்களுமே. இந்நெருக்கடியில், நன்றாகப் பாடும் ஒருவரைத் தெரிந்து, தனியே அழைத்துப் பழக்கி, ஏனையோரை இறுதியிற் சேர்த்துக்கொள்வது எளிய வழியாகத் தோன்றக்கூடும். ஒலிப்பதிவைப் போட்டு ஆடவைப்பதும் அத்தகையதே. ஒலிப்பதிவு கூத்தனின் மூச்சை அறியாது. அவன் பிந்தினால் நில்லாது. மத்தளக்காரரோ அவன் காலைப் பார்த்தே கையை ஓட்டுகின்றார்.

காலம் சுருங்கியவிடத்து நாடகத்தைச் சுருக்கலாம். பயிற்சியின் படிகளைச் சுருக்கலாகாது. தலைமை வேடம் பெற்ற மாணவர் முதற் சில நாள்கள் பிற்பாட்டுக்காரருடன் நின்று பிறர்க்காகப் பாடட்டும். மத்தளம் முதல் நாளிலிருந்தே ஒலிக்கட்டும். கிழமையில் ஒரு மாலை பெற்றோரும் ஊர் அண்ணாவிமாரும் பாடசாலை முற்றத்தில் அமர்ந்து பார்க்கட்டும். கரப்புடுப்பும் கிரீடமும் அரங்கேற்றத்துக்குப் பலநாள் முன்னரே மாணவர் உடலில் ஏறட்டும். ஒருமுறையேனும் அடுக்கு முழுமையாகப் பார்க்கப்படட்டும். இவ்வாறு பயின்றவர் பரிசு பெறினும் பெறாவிடினும், பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரும் தம் ஊர்க் களரியிற் கூசாது காலெடுத்து வைப்பர்.