ஜவ்வாது மலையில் கைப்பேசி: பிள்ளைகளின் உடலும் உள்ளமும்

வீட்டுக்கு ஒரு கணக்கப்பிள்ளை

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையில், சாமை விதைத்தும் தேனும் புளியும் சேகரித்தும், அவை வயிற்றுக்குப் போதாத மாதங்களில் பிள்ளைகளைப் பாட்டியிடமோ விடுதியிலோ விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போயும் ஜீவனம் நடத்துகிற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, கைப்பேசி வெறும் பொழுதுபோக்குச் சாதனமாக வந்து சேரவில்லை. நூறு நாள் வேலையின் கூலி வங்கியில் ஏறிவிட்டதா என்று பார்ப்பதும், ஜாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும், தொலைதூரத்தில் உழைக்கும் தாய் தந்தையரின் முகத்தைக் காண்பதும் அதன் மூலமாகவே நடைபெறுகின்றன. அதை இயக்கத் தெரிந்தவரோ, பல வீடுகளில், எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை ஒருவரே.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டு மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டன. இடையில் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் வந்தபடியால், அதுவரை பட்டன் போனோடு திருப்தியடைந்திருந்த குடும்பங்களும் கடன்பட்டு ஸ்மார்ட்போன் வாங்க நேர்ந்தது. பள்ளி திறந்த பின்பும் அந்தப் போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதை எவ்வாறு கையாள்வது என்ற போதனை மட்டும் எவராலும் அளிக்கப்படவில்லை.

நகரத்துப் பத்திரிகைகள் கூறும் புத்திமதியோ, 'பெற்றோரே, கைப்பேசியில் இன்ன பூட்டைப் போடுங்கள், இன்ன செயலியைக் கண்காணியுங்கள்' என்கிறது. பூட்டும் சாவியும் பிள்ளையின் விரல்நுனியிலேயே இருக்கும் வீட்டில் அந்தப் புத்திமதிக்கு என்ன பிரயோஜனம்? ஆகவே, இயந்திரம் அறியாத பெரியவர் எப்படிக் காவலராக இருக்க முடியும் என்பதே இம்மலையைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வியென்பது என் அபிப்பிராயம்.

நித்திரைக்கு இருள் வேண்டும்

இம்மலையின் காவலூரில், 1986-இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற வானாய்வகத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிற்கிறது. ஊர் விளக்குகளின் ஒளி தீண்டாத இருளை நாடியே விஞ்ஞானிகள் மலையேறி வந்தார்கள். விண்மீனைக் காண அக்கருவிக்கு எவ்வளவு இருள் அவசியமோ, உறக்கத்தைக் காண மனித மூளைக்கும் அவ்வளவு இருள் அவசியம். பொழுது சாய்ந்ததும் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலந்து, உடலுக்கு இரவை அறிவிக்கிறது. கண்ணருகே பிடித்த கைப்பேசியின் ஒளி அந்த அறிவிப்பைத் தாமதப்படுத்துகிறது. ஒளியைக் காட்டிலும் பெரிய கேடு, முடிவே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும் காட்சிகள் மனத்துக்கு ஊட்டும் பரபரப்பு.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் நித்திரை தேவையென்று மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கவேண்டியிருப்பதால் கருக்கலிலேயே எழுந்துவிடும் மலைப்பிள்ளை, நள்ளிரவுவரை படம் பார்த்தால் இழப்பதை எங்கே ஈடு செய்வது? வகுப்பில் அவன் தூங்கி வழிவதைச் சோம்பல் என்று சொல்லும் ஆசிரியர், முந்திய இரவைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளலாம்.

கண்ணும் வெட்டவெளியும்

சிறிய திரையை முகத்தருகே வைத்து நெடுநேரம் நோக்கும்போது இமைக்கும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து கண் வறண்டு எரிகிறது. கிட்டத்திலுள்ளதையே ஓயாமல் பார்த்து, வெட்டவெளியின் ஒளியில் உலவுவதும் குறையுமாயின், வளரும் வயதில் கிட்டப்பார்வை நேரும் வாய்ப்பு அதிகரிக்கிறது. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டுமென்று அரசே ஏற்பாடு செய்ததும், அதன் பின்பு பார்வைக் குறைவு தணிந்ததும் பிரசித்தமான செய்தி. தைவான் திட்டமிட்டுப் பெறவேண்டியிருந்த வெயிலும் வெளியும் ஜவ்வாது மலையில் தாமாகவே கிடைக்கின்றன. ஓடையும் மரமும் வாசலிலேயே இருக்க, பிள்ளை போர்வைக்குள் திரையோடு முடங்கினால், அதைக் காட்டிலும் பரிதாபம் வேறில்லை.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்துவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஐந்திலிருந்து பத்துவரை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கட்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வகுத்த அளவு. வெளியூரிலிருந்து அழைக்கும் தாயின் முகத்தை வீடியோவில் பார்ப்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

விளையாட்டு எப்போது வியாதியாகிறது

ஆடும் பிள்ளைகள் யாவரும் நோயாளிகளல்லர். ஆட்டத்தை நிறுத்த இயலாமை, உணவு, படிப்பு, நட்பு அனைத்துக்கும் மேலாக ஆட்டத்தையே வைத்தல், கேடு விளைவது கண்கூடாகத் தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தாலே உலக சுகாதார நிறுவனம் அதனை நோயாகக் கருதுகிறது. காசு வைத்து ஆடுவதோ வேறு சங்கதி: அதை 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. மறைமுகமாக இன்னும் அத்தகைய ஆட்டங்கள் உலவக்கூடுமாதலால், வங்கிக் கணக்கோடு இணைந்த எண்ணைக் கொண்ட போனைச் சிறுவர் கையில் கொடுத்துவிட்டு அயர்ந்திருப்பது தகாது. அந்தக் கணக்கில் இருப்பது பாட்டியின் முதியோர் உதவித்தொகையாகவும் இருக்கலாம்.

ரீசார்ஜ் செய்து தரும் அண்ணன்

யாவற்றினும் கொடிய அபாயம் இனிய குரலில் வருகிறது. முகமறியாத ஒருவன் இன்ஸ்டாகிராமில் நண்பனாகி, பெற்றோர் அருகில் இல்லாத ஒரு பெண்பிள்ளையிடம், 'சாப்பிட்டாயா?' என்று நாள்தோறும் விசாரித்து, தானாகவே முன்வந்து ரீசார்ஜ் செய்து கொடுத்து, 'நாம் பேசுவது நமக்குள்ளேயே இருக்கட்டும்' என்று ரகசியத்தை வளர்த்து, பிறகு ஒரு படத்தைக் கேட்டு, அது கிடைத்த மறுகணமே மிரட்டத் தொடங்குகிறான். அன்பின் பெயரால் ரகசியம் கோருகிறவன் எவனாயினும் அவனைச் சந்தேகிக்க வேண்டும் என்பதைப் பாடத்தோடு பாடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஆண்பிள்ளைகளும் இந்த வலையில் விழுவதுண்டு.

அந்த மிரட்டலுக்கு உயிர் கொடுப்பது எது? படம் வெளியானால் உலகம் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தைவிட, வீட்டில் என்ன நடக்குமோ என்ற அச்சமே பெரிது. விஷயம் தெரிந்தால் போனைப் பறித்து, பள்ளியை நிறுத்தி, அவசர அவசரமாக மணம் பேசிவிடுவார்களென்று அஞ்சுகிற பெண் ஒருநாளும் வாய் திறக்கமாட்டாள். அவளது மௌனமே மிரட்டுகிறவனின் மூலதனம். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கு மணம் செய்விப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பாதிக்கப்பட்டவளுக்கே தண்டனை விதிக்கும் வழக்கம் குற்றவாளிக்குச் செய்யும் பேருதவி என்பதையும் ஊர்ப்பெரியவர்கள் உணர்தல் வேண்டும்.

மிரட்டல் வந்தால் பணம் அனுப்பக்கூடாது. மேற்கொண்டு படமும் அனுப்பக்கூடாது. பேச்சுப் பதிவுகளை அழித்துவிடாமல், சாட்சியமாக வைத்துக்கொண்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். படத்தை எவரிடமும் ஒப்படைக்காமலேயே அதன் மின்னடையாளத்தை மட்டும் பதிந்து, உடன்பட்டுள்ள தளங்களில் அது பரவாமல் தடுக்கும் 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவை பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கென 2023 முதல் இருந்து வருகிறது. பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: சிறாரை ஆபாசமாகக் காட்டும் படத்தைப் புகார் செய்யாமல் தன் போனில் வைத்திருப்பதும், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ்க் குற்றமாகலாமென்று 2024 செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. 'விழிப்புணர்வுக்காக' என்று சொல்லி வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடும் நல்லெண்ணக்காரர்கள் இதை மனத்தில் கொள்வார்களாக.

இயந்திரம் அறியாத காவலர்

செயலியின் பெயர்கூட அறியாத ஒரு பாட்டி செய்யக்கூடியவை சில உண்டு, அவை அற்பமானவையுமல்ல. இரவுச் சாப்பாடு முடிந்ததும் போன் தன் தலைமாட்டுக்கு வந்துவிட வேண்டுமென்று விதிக்கலாம். பிள்ளை போன் பார்ப்பது தான் உட்கார்ந்திருக்கும் திண்ணையில்தான் என்று ஏற்பாடு செய்யலாம். 'இன்றைக்கு அதில் என்ன பார்த்தாய், எனக்கும் சொல்லு' என்று கதை கேட்கலாம். கேட்டது பிடிக்காவிட்டாலும் உடனே ஏசாமல் இருப்பாரானால், அவரே அவ்வீட்டின் மிகச் சிறந்த பாதுகாப்பு.

எஞ்சியதைப் பள்ளியே ஏற்க வேண்டும். பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் நிறைந்த இம்மலையில், விடுதிக் காப்பாளரும் ஆசிரியரும் பெற்றோரின் ஸ்தானத்தில் இருக்கிறார்கள். ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்லலாகாது என்பதையும், கண்ட செய்தி மெய்யா பொய்யா என்று சோதிக்கும் முறையையும், கணக்கைப் பூட்டி வைக்கும் முறையையும் அவர்கள் கணினி வகுப்பிலேயே கற்பிக்கலாம். வீட்டுக்கே கணக்கப்பிள்ளையாக இருக்கும் சிறுவனுக்கு இவை பரீட்சைக்கு வேண்டிய பாடங்களைவிட அவசரமானவை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கும் இதைச் சற்று எடுத்துச் சொல்லலாம்.

முறையிட வேண்டிய எண்கள்

குழந்தைகள் உதவிக்கு 1098. இணையக் குற்றத்துக்கும் பண மோசடிக்கும் 1930. பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417. பணம் பறிபோனால் எவ்வளவு விரைவாக 1930-ஐ அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அதை வங்கியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. இம்மூன்று எண்களையும் விடுதிச் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதி வைக்கும்படி காப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1098-க்குக் கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், பட்டன் போனே போதும்.