வேப்பெண்ணெய் திரிந்துபோவது ஏன்?



"வேப்பெண்ணெய் அடிச்சுப் பார்த்தாச்சுங்க. பூச்சி அப்படியே இருக்கு, கடைசி ரெண்டு பார் செடி கருகினதுதான் மிச்சம்" என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. பல சமயம் குற்றம் எண்ணெயில் இல்லை. கலக்குகிற தண்ணீரில் இருக்கிறது.

தண்ணீரில் எண்ணெயை விட்டால் மேலே படலமாக மிதக்கும். சோப்புக் கரைசலோடு சேர்த்துக் கலக்கினால், பொடிப்பொடித் துளியாகப் பிரிந்து பால் போல வெளுக்கும். காரணம் என்ன? சோப்பின் நுண்துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஒன்று எண்ணெயைப் பிடிக்கும். மற்றது தண்ணீரைப் பிடிக்கும். இப்படி எண்ணெய்த் துளியைச் சுற்றிச் சோப்பு மெல்லிய ஏடாகப் போர்த்திக்கொள்கிறது. அந்த ஏடு இருக்கிற வரைக்கும் துளிகள் ஒன்றோடொன்று சேராது.

ஆனால் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்து கிடக்கும். அவை சோப்பைப் பிடித்துக் கரையாத வெள்ளைத் திப்பியாக்கிவிடும். ஏடு கட்டச் சோப்பு மிஞ்சாது. சமையல் உப்பு மிகுந்த தண்ணீரிலும் சோப்பு நிற்காது. சோப்பு காய்ச்சுகிறவர்கள் உப்பைப் போட்டுத்தானே சோப்பைத் திரள வைக்கிறார்கள்!

ஏடு கலைந்தால் எண்ணெய் மேலே வந்துவிடும். கைத்தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால், முதலில் போவது வெறும் தண்ணீர். கடைசியில் போவது கெட்டி எண்ணெய். முதல் பாரில் பூச்சி சாகாது, கடைசிப் பாரில் இலை கருகும்.

உங்கள் தண்ணீர் எப்படி? அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்து, ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சோப்பும் எண்ணெயும் விட்டுக் குலுக்கி அரை மணி வையுங்கள். எதில் எண்ணெய் மேலே பிரிகிறதோ, அந்தத் தண்ணீர் மருந்து கலக்க ஆகாது.

இனி கலக்கும் முறை. 10 லிட்டருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 50 கிராம் சாதாரண பார் சோப்பு போதும். சோப்பைச் சீவி, அரை லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கரையுங்கள். அதில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விடாமல் கலக்குங்கள். பால் போல வெளுத்த பிறகே மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். அதுவும் மழைத் தண்ணீரோ, வாய்க்கால் தண்ணீரோ, உப்பில்லாத ஏரித் தண்ணீரோதான்.

நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் சோப்பை விடுங்கள். டீப்பால் போன்ற ஒட்டும் திரவமோ, பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரோ உப்புத் தண்ணீரில் சோப்பைப் போலத் திரியாது. அதையும் பாட்டிலில் சோதித்துவிட்டே வயலுக்குக் கொண்டுபோங்கள். தண்ணீரைத் திருத்துகிறோம் என்று சலவைச் சோடாவைப் போடாதீர்கள். காரம் ஏறினால் வேம்பின் பூச்சிகொல்லிச் சத்து சீக்கிரம் கெடும்.

கலக்கியதை அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். அடிக்கும்போது டேங்கை அடிக்கடி குலுக்குங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு டேங்க் மருந்து போனாலும் போகட்டும், பயிர் பிழைக்கும்.