மனையிலிருந்து பங்குக்கு: பழைய மாமல்லபுரம் சாலைப் புறநகரில் அடுக்ககம் வாங்குதலும் வாழ்தலும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி வளர்ந்துள்ள புறநகரில் வீடு என்பது பெரும்பாலும் அடுக்ககத்தையே குறிக்கின்றது. வாங்குவோர் தளத்தையும் அறைகளையும் கண்டு விலை பேசுகின்றனர். ஆவணத்தின் வழி அவர்களுக்கு நிலைத்த உரிமையாவதோ நிலத்தின் பிரிக்கப்படாத பங்காகும். அப்பங்கின் அளவு, அந்நிலத்தின் இயல்பு, பிற உரிமையாளருடன் சேர்ந்து நடத்தும் நிருவாகம் ஆகிய மூன்றுமே அடுக்ககத்தின் மதிப்பையும் வாழ்க்கையையும் முடிவு செய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: அடுக்ககம், மனை, பிரிக்கப்படாத பங்கு, புறநகர், சதுப்புநிலம், உரிமையாளர் சங்கம்.

முன்னுரை

தமிழில் 'மனை' என்னும் சொல் வீட்டையும், வீடு கட்டுதற்குரிய நிலத்தையும் ஒருங்கே குறிக்கும். நிலத்தையும் அதன்மேல் நிற்கும் கட்டடத்தையும் ஒன்றாகவே கருதிய வாழ்முறை இச்சொல்லில் பதிந்துள்ளது எனலாம். அடுக்கக வாழ்க்கை இவ்விரண்டையும் பிரித்துவிட்டது. ஐந்தாம் தளத்தில் குடியிருப்பவரின் தரை, நான்காம் தளத்தில் குடியிருப்பவரின் கூரையாகும். கட்டடத்தின் கீழுள்ள மண்ணில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. எந்தப் பகுதி தமக்குரியது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

இம்மாற்றத்தை வாழ்நாள் சேமிப்பையும் நீண்டகாலக் கடனையும் இட்டு ஒரு குடும்பம் ஏற்கின்றது. எனினும் தாம் வாங்கியது யாது என்ற கேள்விக்குத் தெளிவான விடை பலரிடம் இல்லை.

புறநகரின் உருவாக்கம்

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதும், சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்ததும், இடைப்பட்ட சாலை ஆறுவழியாக விரிவாக்கப்பட்டதும் இப்பகுதியின் தோற்றத்தை மாற்றின. பணியிடத்துக்கு அருகில் குடியிருக்க விரும்பியோருக்காக வயல்களிலும் வெற்றிடங்களிலும் அடுக்ககங்கள் எழுந்தன. 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி ஆகியவை அதனுள் வந்தன. நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் ஆகியவை மாநகராட்சிக்கு வெளியே, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. விளம்பரத்தில் ஒரே புறநகராகத் தோன்றும் இப்பகுதியில், குடிநீர், கழிவுநீர், குப்பை அகற்றல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைப்பு இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது.

இதே சாலையை ஒட்டிக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் அரசு கட்டிய மறுகுடியமர்வு அடுக்ககங்களும் உள்ளன. நகரின் நடுப்பகுதியிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. அவர்களுள் பலர் அண்டையிலுள்ள தனியார் அடுக்ககங்களில் வீட்டுப் பணியாளராகவும் காவலராகவும் உழைக்கின்றனர். தேர்ந்து வாங்கியோரின் அடுக்ககமும் ஒதுக்கீடு பெற்றோரின் அடுக்ககமும் ஒரே நிலப்பரப்பில், ஒரே வெள்ளத்துக்கு ஆட்பட்டு நிற்கின்றன.

பிரிக்கப்படாத பங்கு

அடுக்ககம் நிற்கும் நிலத்தில் ஒவ்வோர் உரிமையாளருக்கும் உரிய விகிதமே பிரிக்கப்படாத பங்காகும். வழக்கில் இது 'யு.டி.எஸ்.' எனப்படுகின்றது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் புதிய அடுக்கக விற்பனை இரண்டு ஆவணங்களால் நடைபெற்றது. கிரயப் பத்திரம் நிலப்பங்கை மட்டுமே விற்றது; கட்டடத்துக்குக் கட்டுமான ஒப்பந்தம் தனியே எழுதப்பட்டது. சட்டத்தின் கண்ணில் வாங்குபவர் முதலில் நிலப்பங்காளராகி, பின்னர்த் தம் பங்கின்மேல் ஒரு வீட்டைக் கட்டித்தருமாறு ஒருவரைப் பணித்தவர் ஆனார்.

2023 டிசம்பர் 1 முதல் நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் ஒரே ஆவணமாகப் பதியும் முறை வந்தது. மதிப்பு 50 இலட்சம் ரூபாய் வரை எனில் முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு. 50 இலட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5 விழுக்காடு. அதற்கு மேல் 7 விழுக்காடு. இவற்றோடு 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் உண்டு. இதன்படி 80 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள அடுக்ககத்துக்குப் பதிவுச் செலவு 5,60,000 ரூபாய் ஆகும். முறை மாறினும் பத்திரத்தின் சொத்து விவரப் பட்டியலில் நிலப்பங்கின் அளவு குறிக்கப்பட வேண்டும் என்பது மாறவில்லை.

அப்பங்கு எவ்வாறு அமைகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் உயரமல்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 எனவும், உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 எனவும் வகுத்தன. 12,000 சதுர அடி நிலத்தில் குறியீடு 2 எனில் 24,000 சதுர அடி கட்டலாம். அதில் 1,000 சதுர அடி கொண்ட 24 வீடுகள் அமைந்தால் ஒவ்வொன்றுக்கும் 500 சதுர அடி நிலப்பங்கு கிடைக்கும். குறியீடு 3.25 எனில் அதே 1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 308 சதுர அடியே கிடைக்கும். வீட்டின் அளவு ஒன்றே. நிலமோ ஐந்தில் இரு பங்கு குறைகின்றது. பெரிய வளாகங்களில் சாலைக்கும் திறந்தவெளி ஒதுக்கீட்டுக்கும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தரப்படும் நிலத்தைக் கழித்த பின்னரே பங்கைக் கணக்கிட வேண்டும்.

கட்டடம் ஆண்டுதோறும் தேய்கின்றது, நிலம் தேய்வதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கட்டடத்தை இடித்துப் புதுக்கும் நிலை வரும்போது, பொதுவாக நிலப்பங்கே பேரத்துக்கு அடிப்படையாகின்றது. ஆகவே ஒரே விலையுள்ள இரு வீடுகளுள் எது மலிவு என்பதைச் சதுர அடி விலை மட்டும் காட்டிவிடாது.

பரப்பளவும் பாதுகாப்பும்

விற்பனைப் பேச்சில் வழங்கும் 'சூப்பர் பில்ட்-அப்' பரப்பில் மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றின் பங்கும் அடங்கும். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 'கார்ப்பெட்' பரப்பையே அளவுகோலாக்கியது. வெளிச்சுவர், குழாய்களும் கம்பிகளும் செல்லும் துளைகள், தனி உப்பரிகை, தனித் திறந்த மாடி ஆகியவை நீங்கலாக, உட்சுவர்களைச் சேர்த்து எஞ்சும் பயன்படு தளமே அது.

அச்சட்டம் தரும் பாதுகாப்புகள் சில கருதத்தக்கன. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்பட்டாலோ திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும். எழுத்து வடிவ விற்பனை உடன்படிக்கையைப் பதியாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு, அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிடத் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டுநர் தம் செலவில் நீக்க வேண்டும்.

ஆவணச் சொற்கள் சொல்லும் நிலவரலாறு

சட்டம் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றது. நிலத்தின் இயல்பை அது மாற்றாது. இயல்பை அறிய வருவாய் ஆவணங்களின் சொற்களை நாட வேண்டும். நஞ்சை, புஞ்சை, மேய்க்கால், ஏரி உள்வாய், புறம்போக்கு என்னும் வகைப்பாடுகள் அங்கு நீர் நின்றதா, பாய்ந்ததா, பொதுப் பயன்பாடு இருந்ததா என்பதைச் சொல்கின்றன. ஊர்ப்பெயர்களும் சான்றாகின்றன. பெரும்பாக்கம், துரைப்பாக்கம், சித்தாலப்பாக்கம், கேளம்பாக்கம் என இப்பகுதியில் மிகுதியாகக் காணப்படும் 'பாக்கம்' நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் பழஞ்சொல்.

வில்லங்கச் சான்று பதிவான பரிமாற்றங்களைக் காட்டும். பதியப்படாத உடன்படிக்கையும், வாரிசுகளின் எழுதப்படாத கோரிக்கையும் அதில் இடம்பெறா. ஆகவே தாய்ப்பத்திரத் தொடர், பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காண்பது இன்றியமையாதது. புலப்படத்தில் ஒரு கால்வாய்க் கோடு இருந்து களத்தில் அது இல்லையெனில், அந்த நீர் எங்கே செல்லும் என்று கேட்க வேண்டும்.

இக்கேள்வி வெறும் எச்சரிக்கை அன்று என்பதற்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமே சான்று. சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரை வாங்கி ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு அனுப்பும் வடிநிலம் அது. 2022ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்பு இராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதன் சுற்றுப்புறங்கள் நீரில் மூழ்கின. மேல்தள வீடுகளுக்குள் நீர் புகவில்லை. எனினும் தரைத்தள வாகன நிறுத்தத்தில் நீர் நிறைந்தால் மின்பலகை, நீரேற்றி, மின்தூக்கி ஆகிய அனைத்தும் செயலிழக்கும். ஏழாம் தளத்தில் உள்ள முதியவர் குடிநீரும் மின்சாரமும் இன்றி, படியிறங்கவும் முடியாமல் சிக்கிக்கொள்வார். தரைத்தளத்தின் துயரம் மேல்தளத்தின் துயரமாகவும் ஆவது அடுக்ககத்தின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

பங்காளிகளின் நிருவாகம்

குடும்பச் சொத்தில் பங்குடையோரைத் தமிழ் 'பங்காளி' என்கிறது. அங்கு மனம் ஒத்துவராதபோது பாகப்பிரிவினை கேட்க வழியுண்டு. அடுக்ககத்தின் பொதுப் பகுதியில் அவ்வழி இல்லை. பங்கு வீட்டோடு ஒட்டியே கைமாறும். உறவின்றிப் பங்காளிகளான இவர்கள் பிரியவும் இயலாதவர்கள். ஆகவே உரிமையாளர் சங்கம் விழா நடத்தும் மன்றம் என்ற அளவில் நின்றுவிடாமல், கூட்டுச் சொத்தின் நிருவாக அமைப்பாக இயங்க வேண்டியுள்ளது.

மாநகரக் குழாய்நீர் முழுமையாக எட்டாத இப்புறநகரில் அதன் பொறுப்பு பெரிது. ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியும் நீரைத் தருகின்றன. வளாகத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் குடியிருப்போரே பேணுகின்றனர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகரின் நீர்த்தேக்கங்கள் வறண்டபோது, பராமரிப்புத் தொகையில் லாரி நீரின் செலவு எவ்வளவு என்பதைப் பலரும் முதன்முறையாக உணர்ந்தனர். மாதத் தவணையைக் கணக்கிட்டு வீடு வாங்குவோர், கடன் தீர்ந்த பின்னும் தீராத இத்தொகையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

2024ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக அமைந்தது. சங்கம் அமைத்தலை வலியுறுத்தும் இச்சட்டம், உரிமையாளருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் கட்டடத்தை மறுகட்டுமானம் செய்ய வழிவகுக்கின்றது. ஒருவரின் மறுப்பால் பழுதடைந்த கட்டடம் முடங்கிக் கிடந்த நிலைக்கு இது தீர்வாகும். அதே வேளையில், இசையாத சிறுபான்மையினர் தம் வீட்டின் முடிவைப் பிறர் எடுக்கக் காண்பர். 'என் வீடு' என்ற சொல்லின் எல்லை இங்கே புலனாகின்றது.

முடிவுரை

புறநகர் அடுக்ககம் விற்கப்படும்போது தனிமையும் தனியுரிமையும் அதன் கவர்ச்சிகளாக முன்வைக்கப்படுகின்றன. வாங்கியவர் கையில் எஞ்சுவது நிலத்தில் ஒரு பங்கு, நீரில் ஒரு பங்கு, செலவில் ஒரு பங்கு, முடிவெடுப்பதில் ஒரு வாக்கு. இவற்றுள் முதலாவதை வாங்கும் நாளில் பத்திரத்தில் சரிபார்க்கலாம். ஏனையவற்றை வாழும் நாளெல்லாம் பேண வேண்டும். மனை என்ற பழஞ்சொல் நிலத்தையும் இல்லத்தையும் இணைத்துவைத்தது. அடுக்ககத்தில் அவ்விணைப்பைச் சொல் தாராது. சுவருக்கு அப்பால் உள்ள பங்காளியோடு சேர்ந்தே அதனை உருவாக்க வேண்டும்.