எண்ணெயைச் சுமக்கவும் எண்ணெய் வேண்டும்

வெளியூர் புறப்படும் பேருந்தின் டீசல் தொட்டியை ஓட்டுநர் நிரப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். விமானமும் இப்படித் தொட்டி நிறைய எரிபொருளுடன்தான் கிளம்பும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பெரும்பாலான பயணங்களில் அதன் தொட்டிகளில் ஒரு பகுதி காலியாகவே இருக்கும். ஏன்?

காரணம் எடைதான். ஜெட் விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் சுமார் 800 கிராம் இருக்கும். விமானத்தின் எடை கூடினால் இறக்கைகள் அதிகத் தூக்குவிசை தர வேண்டும். அப்போது காற்றின் தடையும் கூடும். அதை மீற எஞ்சின்கள் கூடுதலாக எரிபொருளை எரிக்கும். அதாவது, எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் செலவாகிறது!

எவ்வளவு ஏற்றுவது?

ஒவ்வொரு பயணத்திற்கும் தனித்தனியே கணக்குப் போடுகிறார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல ஒரு பங்கு. ஊர் போய்ச் சேர ஒரு பங்கு. எதிர்க்காற்று போன்ற எதிர்பாராத செலவுக்கு, வழக்கமாகப் பயண எரிபொருளில் 5 விழுக்காடு. இறங்க வேண்டிய நிலையம் மூடுபனியால் மூடப்பட்டால் வேறொரு நிலையத்திற்குச் செல்ல இன்னொரு பங்கு. இவை எல்லாம் தீர்ந்த பிறகும், ஜெட் விமானம் 30 நிமிடம் வானில் வட்டமிடுவதற்கான கையிருப்பு இருக்க வேண்டும். இதற்கு மேலும் தேவை என்று தலைமை விமானி கருதினால் கேட்டு வாங்கலாம்.

இந்தக் கணக்கை எடையில்தான் போடுவார்கள். வெப்பத்தால் எண்ணெயின் பருமன் மாறும். எடை மாறாது அல்லவா? ஆனால் அலகு தவறினால் என்ன ஆகும்? 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்தின் எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. எனவே தொட்டியில் இருந்த எண்ணெயை லிட்டரில் அளந்து எடையாக மாற்றினார்கள். கிலோகிராமுக்கு உரிய எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய எண்ணால் பெருக்கிவிட்டார்கள்! தேவைப்பட்டது 22,300 கிலோகிராம். இருந்ததோ அதில் பாதிக்கும் குறைவு. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி பாப் பியர்சன் விமானத்தைச் சறுக்கிக்கொண்டே வந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர்.

மலிவான ஊரில் வாங்கலாமா?

எரிபொருள் விலை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. நம் நாட்டிலேயே அதன்மீது விதிக்கும் வரி மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. ஆகவே மலிவான ஊரில், திரும்பி வரும் பயணத்திற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆனால் கூடுதலாகச் சுமக்கும் எண்ணெயில் மணிக்குச் சுமார் 3 விழுக்காடு அதைச் சுமப்பதிலேயே தீர்ந்துவிடும். 1,000 கிலோ கூடுதலாக ஏற்றினால் ஒரு மணி நேரப் பயணத்தின் முடிவில் 970 கிலோ மிஞ்சும். பத்து மணி நேரப் பயணமானால் ஏறக்குறைய 740 கிலோதான் மிஞ்சும். எனவே குறுகிய பயணங்களுக்கே இந்த உத்தி பெரிதும் உதவும்.

பணம் மிச்சம், காற்றுக்கு?

ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோவா என்று வியக்காதீர்கள். எண்ணெயிலுள்ள கரியுடன் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்வதால்தான் எடை கூடுகிறது. மலிவுக்காகச் சுமக்கும் வழக்கத்தால் ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்கு 9 லட்சம் டன் கரியமில வாயு கூடுதலாக வெளியாவதாக யூரோகண்ட்ரோல் அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. இதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. அதன்படி, ஒன்றியத்தின் விமான நிலையங்களிலிருந்து புறப்படும் பயணங்களுக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் எரிபொருளில் குறைந்தது 90 விழுக்காட்டை அந்தந்த நிலையத்திலேயே நிரப்ப வேண்டும்.

இப்போது நீங்களே கணக்கிடுங்கள். ஒரு ஊரில் எரிபொருள் கிலோ 90 ரூபாய். இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் 100 ரூபாய். முதல் ஊரில் 1,000 கிலோ கூடுதலாக ஏற்றிச் சென்றால் லாபம் எவ்வளவு? அதற்காகக் காற்றில் சேர்ந்த கரியமில வாயு எவ்வளவு?

(விடை: சுமார் 4,090 ரூபாய், சுமார் 187 கிலோ.)