ஒரு ரயில் நிலையம் தேய்ந்த கதை

நாள்தோறும் மக்கள் கூட்டம் அலைமோதும் ஒரு ரயில் நிலையம் ஆளில்லாமல் தேய்ந்து மறைய முடியுமா? லண்டனில் அப்படி நடந்திருக்கிறது. அந்த நிலையம் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு மூலையில் இருக்கவில்லை. வங்கிகள் நிறைந்த ‘சிட்டி’ பகுதியில், லிவர்பூல் ஸ்டிரீட் நிலையத்தை ஒட்டி நின்ற பிராட் ஸ்டிரீட் நிலையம் அது.

1865ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி இது திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டனின் நெரிசல் மிகுந்த நிலையங்களில் மூன்றாம் இடம் இதற்கு! பின்னர் டிராமும் பஸ்ஸும் சுரங்க ரயிலும் போட்டிக்கு வந்தன. நீராவி எஞ்சினுக்கு மாற்றாக, 1916இல் இங்கே மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின.

இங்கே தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. சக்கரங்கள் ஓடும் இரண்டு தண்டவாளங்களைத் தவிர இன்னும் இரண்டு இருந்தன. வெளிப்புறத்தில் இருந்தது நேர்மின் தண்டவாளம்; நடுவில் இருந்தது எதிர்மின் தண்டவாளம். வண்டியின் அடியில் உள்ள இரும்புக் கட்டைகள் இவற்றில் உராய்ந்துகொண்டே போகும். ஒன்றின் வழியே வரும் நேர் மின்னோட்டம் மோட்டாரைச் சுழற்றிவிட்டு மற்றொன்றின் வழியே திரும்பிவிடும். சுரங்க ரயில்களிலும் இதே முறைதான். வாட்போர்டு செல்லும் பாதையின் ஒரு பகுதியில் இரண்டு வகை ரயில்களும் ஓடியதால் இந்தப் பொருத்தம் வசதியாயிற்று.

ஆனாலும் மின்சாரத்தால் சரிவைத் தடுக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்தன. 1950இல் முதன்மைக் கட்டடம் மூடப்பட்டது. 1960களின் பிற்பகுதியில் பெரிய கூரையின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை இங்கிருந்து ரிச்மண்டு செல்லும் பாதையை மூடிவிடலாம் என்றது. மக்கள் எதிர்த்ததால் பாதை தப்பியது. கூரையில்லாத நடைமேடையில், லண்டன் மழையில் நனைந்தபடி ரயிலுக்குக் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்!

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், நேரம் பார்க்காமல் வரும் பயணி சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். மணிக்கு ஒரு ரயில்தான் என்றால் அதுவே முப்பது நிமிடம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் யார் நிற்பார்? சிலர் பஸ்ஸுக்குப் போவார்கள். கூட்டம் குறைந்ததே என்று இன்னும் சில ரயில்களை நிறுத்துவார்கள். அதனால் மேலும் சிலர் போய்விடுவார்கள். திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்தால் ‘கீ’ என்று அலறுகிறது அல்லவா? வெளியே வந்த ஒலியே மீண்டும் உள்ளே புகுந்து வளர்கிறது. இதைப் பின்னூட்டம் என்பார்கள். மைக்கில் அது ஒலியை வளர்த்தது. பிராட் ஸ்டிரீட்டில் வெறுமையை வளர்த்தது. 1985இல் வாரத்துக்கு ஏறத்தாழ 6,000 பேர்தான் வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

அதே ஆண்டில் ரிச்மண்டு ரயில்கள் கிழக்கே வடக்கு உல்விச்சுக்குத் திருப்பிவிடப்பட்டன. எஞ்சியவை வாட்போர்டு ரயில்கள் மட்டுமே. சிட்டி பகுதியிலோ நிலத்தின் விலை உச்சத்தில் இருந்தது. பயணிகள் முற்றும் நிற்கும்வரைகூடப் பொறுக்காமல் இடிப்பு வேலை தொடங்கியது. 1986ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி நிலையம் மூடப்பட்டது. அந்த இடத்தில் ‘பிராட்கேட்’ அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன.

வாட்போர்டு ரயில்கள் பக்கத்திலிருந்த லிவர்பூல் ஸ்டிரீட்டுக்குப் போயின. அங்கே இருந்ததோ மேல்கம்பி மின்சாரம்! ஆகவே தண்டவாளம், மேல்கம்பி ஆகிய இரண்டிலிருந்தும் மின்சாரம் பெறக்கூடிய வண்டிகள் அந்தப் பாதையில் ஓடின. 1992இல் அந்தச் சேவையும் நின்றது.

நிலையம் போனாலும், அதற்கு ரயில்களைச் சுமந்து வந்த செங்கல் வளைவுப் பாலத்தின் பெரும்பகுதி இடிபடாமல் கிடந்தது. பழைய பாதையில் இருந்த டால்ஸ்டன் சந்திப்பு நிலையமும் 1986இல் மூடப்பட்டதுதான். 2010இல் புதிய தண்டவாளங்களுடன் அது மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அந்தப் பாலத்தின்மேல் மின்சார ரயில்கள் சில நிமிடங்களுக்கு ஒன்றாக ஓடுகின்றன.