தனித்துத் தாயாகும் மாணவிக்கு ஒரு வரவு செலவுத் திட்டம்

கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, கணவரின் துணையோ பெற்றோரின் ஆதரவோ இன்றி மகப்பேற்றை எதிர்நோக்கும் இளம்பெண்கள் நம் மருத்துவமனைக்கும் வருகிறார்கள். சிலர் கணவரை இழந்தவர்கள், சிலர் கைவிடப்பட்டவர்கள், சிலர் மணமாகாதவர்கள். காரணத்தை ஆராய்வது மருத்துவமனையின் வேலையன்று. சமூகப் பணிப் பிரிவில் அவர்கள் முதலில் கேட்பது, "பிரசவத்திற்கு எவ்வளவு செலவாகும்?" என்பதே. அதற்கு விடை எளிது: அரசு மருத்துவமனையில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. கடினமான கேள்வி அதற்குப் பின்னால் நிற்கிறது. குழந்தை பிறந்தபின் மூன்று நான்கு மாதங்கள் வருமானம் நின்றுவிடும். செலவு மட்டும் ஏறும். அந்த மாதங்களை எப்படிக் கடப்பது? கடனும், படிப்பைக் கைவிடும் முடிவும் அப்போதுதான் நெருங்கி வருகின்றன. அந்தக் காலத்திற்கான பணம் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலேயே சேரத் தொடங்க வேண்டும்.

பதிவு: தாமதத்தின் விலை

தனியாக இருக்கும் மாணவி பெரும்பாலும் கர்ப்பத்தை மறைக்கிறாள். அதில் வியப்பில்லை. ஆனால் மறைக்கும் ஒவ்வொரு வாரத்திற்கும் பண அளவில் ஒரு விலை உண்டு. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் மதிப்பு 18,000 ரூபாய். இதில் 14,000 ரூபாய் வங்கிக் கணக்கிற்கு வருகிறது. 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் இரு முறையாகக் கையில் தரப்படுகின்றன. பணம் மூன்று தவணைகளில் வரும்: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தை பிறந்த நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. இவற்றைப் பெற, 12 வாரங்களுக்குள் கர்ப்பம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பம் வறுமைக்கோட்டிற்குக் கீழ் இருக்க வேண்டும். பிரசவம் அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும். பின்னர் வரும் தவணைகள் குழந்தையின் தடுப்பூசிகளோடு இணைக்கப்பட்டவை. ஊசி தவறினால் பணமும் தள்ளிப்போகும்.

பதிவு செய்பவர் உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். நகரமாயின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர். அவர் தரும் எண்ணைப் பிக்மி எண் என்பார்கள். சொந்த ஊருக்குப் போய்த்தான் பதிய வேண்டும் என்று பலர் எண்ணி நாளைக் கடத்துகிறார்கள். இப்போது நீங்கள் தங்கியிருக்கும் இடத்துச் செவிலியரிடமே செல்லுங்கள். ஊர் மாறினாலும் அந்த எண் உங்களோடு வரும். மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் தமிழகத்தில் இதனோடு சேர்த்தே செயல்படுகிறது. 2022-இல் வந்த அதன் புதிய வழிகாட்டு நெறிகளின்படி கணவரின் ஆதார் கட்டாயமில்லை. தனித்து வாழும் தாய்மாரும் பயன்பெற வேண்டும் என்பதற்காகவே அந்த மாற்றம் செய்யப்பட்டது. யாரேனும் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு சொல். உதவித்தொகைக்காகப் பள்ளிக் காலத்தில் தொடங்கிய கணக்கு பலரிடம் உண்டு. அதன் கைப்பேசி எண் தந்தையுடையதாக இருக்கும். பணம் வந்த குறுஞ்செய்தி அவருக்குப் போகும். அட்டையும் வீட்டில் இருக்கும். அரசுப் பணம் ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கையே தேடிச் செல்லும். ஆகவே உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, ஆதாரை அந்தக் கணக்கோடு இணைக்கும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பதிவுக்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

ஒரு கணக்கு

இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கற்பனையே, உங்களுடையதை இட்டுப் பாருங்கள். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து மாதம் 5,000 ரூபாய் ஈட்டுகிறாள். அரசுப் பள்ளியில் படித்தவளாதலால் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 வருகிறது. சித்தி 2,000 அனுப்புகிறாள். ஆக 8,000. தோழியருடன் பகிர்ந்துகொண்ட அறை வாடகையும் உணவும் 5,000. பேருந்தும் கைப்பேசியும் 700. மீதி 2,300. இதில் கூடுதல் உணவிற்கு 800, மருத்துவமனைக்குப் போய்வர 300 ஒதுக்கினால் மாதம் 1,200 மிஞ்சும். பிரசவம் வரை ஏழு மாதங்களில் 8,400 சேரும். முதல் தவணை 6,000-உம் வந்தால் கையில் 14,400.

குழந்தை பிறந்தபின் பாடம் சொல்லிக் கொடுக்க இயலாது. வரவு 3,000-ஆகக் குறையும். அறையும் உணவும் 5,000, கூடுதல் உணவு 800, குழந்தைக்கு 1,500, கைப்பேசிக்கு 300 என்று செலவு 7,600. மாதம் 4,600 துண்டு விழும். மூன்று மாதங்களில் 13,800. சேமிப்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. நான்காம் மாதம் இரண்டாம் தவணை வருகிறது. இதே மாணவி ஐந்தாம் மாதத்தில்தான் பதிவுக்குச் சென்றிருந்தால்? முதல் தவணை இல்லை. 5,400 ரூபாய் கடன் வாங்கியாக வேண்டும். அதைத் தீர்க்க இரண்டாம் தவணையும் இல்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அரசுத் தவணைகள் குறித்த மாதத்தில் வருவதில்லை, சில வேளைகளில் மாதக்கணக்கில் தாமதமாகின்றன. கைக்கு வராத பணத்தை வாடகைக்கு ஒதுக்கிவிடாதீர்கள். மாதம் 1,200 சேமிப்பைத் தொடக்கத்திலிருந்தே விடாது பிடிப்பதுதான் காப்பு.

இந்தக் கணக்கில் முதலில் வெட்டப்படுவது எது தெரியுமா? அந்த 800 ரூபாய். முட்டையும் பயறும் கீரையும் பாலும் ஆடம்பரமாகத் தோன்றிவிடுகின்றன. வெட்டாதீர்கள். இரத்தசோகையோடு பிரசவத்திற்கு வரும் தாய்க்கு இரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தை எடை குறைந்து பிறந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கள் நீளும். செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. இரும்புச்சத்து மாத்திரையைக் கடையில் வாங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அங்கன்வாடியில் பெயர் கொடுத்தால் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு கிடைக்கும்; மாணவியர் அங்கே செல்லக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவே.

எங்கே பிரசவம்?

இம்மருத்துவமனையின் இதழிலேயே இதை எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆயினும் உண்மை அதுவே. கையில் பணமில்லாத, சிக்கலில்லாத கர்ப்பத்திற்கு அரசு மருத்துவமனையே ஏற்றது. 2011 முதல் நடைமுறையிலுள்ள ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமத்தின்படி அங்கே சுகப்பிரசவம், அறுவைப் பிரசவம், மருந்து, பரிசோதனை, இரத்தம் அனைத்தும் இலவசம். சுகப்பிரசவத்திற்கு மூன்று நாள், அறுவைக்கு ஏழு நாள் உணவு தரப்படும். வீடு திரும்ப 102 ஊர்தி உண்டு. நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் இலவசம். 19 வயது நிறையாததால் நிதியுதவி பெற முடியாதவர்களுக்கும் இந்தச் சேவைகளுக்குத் தடையில்லை. குழந்தையைக் காட்ட "அன்பளிப்பு" என்று யாரேனும் கை நீட்டினால் கொடுக்க வேண்டியதில்லை. 104-இல் புகார் செய்யலாம். எங்களிடம் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு இதை நாங்களே சொல்லி, மருத்துவக் குறிப்புகளோடு அனுப்பி வைக்கிறோம்.

படிப்பும் பணமே

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்களை எண்ணினால் பிரசவத் தேதி தெரியும். ஆகஸ்டு 1 எனில் மே 8. அதாவது ஏப்ரல் பருவத் தேர்வு ஒன்பதாம் மாதத்தில் வருகிறது. அடுத்த பருவம் ஆறு எட்டு வாரக் குழந்தையோடு தொடங்குகிறது. இந்த இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஒரு பருவம் மட்டும் விலகி நிற்கலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: பல கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவத்தின் பாடங்கள் அடுத்த ஆண்டுதான் மீண்டும் நடத்தப்படும், ஆறு மாத விலகல் ஓர் ஆண்டாகிவிடும். கட்டணம் செலுத்திய பிறகு விலகினால் அந்தப் பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள்.

மகப்பேற்றுக்குள்ளாகும் மாணவியருக்கு வருகைப் பதிவிலும் தேர்வுப் படிவத் தேதிகளிலும் தளர்வு அளிக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வு மாணவியருக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு விதியிலேயே உண்டு. இவை தாமாக நடப்பவை அல்ல; மருத்துவச் சான்றுடன் முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாய்மொழியாக வகுப்பாசிரியரிடம் சொல்லி நின்றுவிடுபவரின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கினால், உதவித்தொகையும் புதுமைப் பெண் தொகையும் கூடவே நிற்கும். கல்விக் கடன் பெற்றவர்கள் வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். படிப்பை முடிக்கும் காலத்தை இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இடமுண்டு. சொல்லாமல் விட்டால் திருப்பிச் செலுத்தும் நாள் முன்பே வந்து நிற்கும்.

பகுதி நேர வேலை பார்ப்பவர்கள் தங்கள் வேலை நாள்களையும் எண்ணிப் பார்க்கட்டும். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில், பிரசவத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் ஊதியத்துடன் 26 வார விடுப்பு கேட்க உரிமையுண்டு. சட்டம் திருமணச் சான்றைக் கேட்கவில்லை.

குழந்தை வந்தபின்

பெரும்பாலான விடுதிகள் கைக்குழந்தையை ஏற்பதில்லை. ஏழாம் மாதத்திற்குள் தங்குமிடத்தை முடிவு செய்யுங்கள். இடமே இல்லாதவர்கள் 181 மகளிர் உதவி எண்ணில் பேசினால் அரசின் தங்கும் இல்லங்களுக்கு வழி காட்டுவார்கள்.

குழந்தைச் செலவில் மிகப் பெரியதாகக்கூடியது டப்பாப் பால். ஒரு டப்பா பல நூறு ரூபாய். சில நாள்களில் தீர்ந்துவிடும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது மருத்துவ அறிவுரை. இங்கே அதுவே சிக்கனமும் ஆகிறது. வகுப்புக்குத் திரும்புபவர்கள் பாலைப் பீய்ச்சித் தூய பாத்திரத்தில் வைத்துச் செல்லலாம். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை கெடாது. கையால் பீய்ச்சும் முறையை எங்கள் செவிலியர் கற்றுத் தருவார்கள். கருவி வாங்கத் தேவையில்லை. தொட்டில், தள்ளுவண்டி, புது உடை எதுவும் உடனே வேண்டாம். பழைய பருத்திச் சேலையே துணியாகவும் தூளியாகவும் ஆகும்.

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவது இலவசம். மணமாகாத தாய் தன் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் தந்தையின் பெயரின்றியே சான்றிதழ் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 6 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. தந்தையின் பெயரைச் சொல்லாததால் அவருடைய கடமை தீர்ந்துவிடுவதில்லை. திருமணம் நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைக்கு அவரிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். ஆனால் வழக்கு மெதுவாகவே நகரும். அந்தத் தொகையையும் வந்தபின் எண்ணிக்கொள்ளுங்கள்.

பணத்தோடு வருபவர்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி உங்கள் தொடர்பு எண்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டால், மறைத்து வைத்த செய்தி ஊருக்கெல்லாம் போகும் என்ற அச்சத்தாலேயே உங்களை ஆட்டிவைக்கும். நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைப்பது மேல். இன்னொரு வகையினர் மருத்துவமனை வாயிலிலேயே நிற்பார்கள்: செலவையெல்லாம் பார்த்துக்கொள்கிறோம், குழந்தையை ஒரு நல்ல குடும்பத்திற்குத் தந்துவிடு என்பார்கள். பணத்திற்குக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வளர்க்க இயலாது என்று தாய் உண்மையாகவே முடிவு செய்தால், குழந்தைகள் நலக் குழுவின் முன் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அதில் யாருக்கும் ஒரு ரூபாயும் கைமாறாது.

உடன் வரும் உறவினருக்கும் தோழியருக்கும் ஒரு வேண்டுகோள். "ஏதாவது வேண்டுமானால் கேள்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவள் கேட்க மாட்டாள். மாதம் 500 ரூபாயே ஆனாலும், எந்தத் தேதியில், எத்தனை மாதங்களுக்குத் தர முடியும் என்று சொல்லுங்கள்; அப்போதுதான் அவள் அதைக் கணக்கில் எழுத முடியும். பணம் தர இயலாதவர்கள் வாரத்தில் இரண்டு பிற்பகல் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், நின்றுபோன மாலைப் பாடத்தில் ஒரு பகுதி திரும்பி வரும்.

சமூகப் பணிப் பிரிவிற்கு வரும்போது ஆதார், வங்கிப் புத்தகம், கல்லூரி அடையாள அட்டை, இருந்தால் குடும்ப அட்டையின் நகல் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பெற்றோர் வீட்டிலிருக்கும் குடும்ப அட்டையைப் பெற முடியாத நிலையில் இருப்பவர்கள் அதையும் சொல்லலாம். எதுவும் இல்லையென்றாலும் வாருங்கள். 12 வாரம் கடந்துவிட்டது என்றாலும் வாருங்கள்.